பெயரை முன்மொழிபவர் யார்?

2025 ஜூன் மாதம் மொரீசியஸ் தீவில் ஒரு தேர்தல் நடந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு இணைய எண் முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் ஏஃப்ரினிக் அமைப்பின் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. ஒரு நிறுவனம் பெற்றிருந்த 62 லட்சம் முகவரிகளைத் திரும்பப் பெறுவது பற்றிய வழக்கில் 2021 ஜூலையில் அமைப்பின் வங்கிக் கணக்குகள் முடங்கின. 2022இல் கூட்டம் நடத்தப் போதிய எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் இயக்குநர் குழு செயலிழந்தது. 2023இல் மொரீசியஸ் உச்ச நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. தேர்தலை நடத்தி நிர்வாகத்தை ஒப்படைப்பது அவர் பணி. தேர்தல் முடியும் தறுவாயில், வேறொருவருக்காக வாக்களிக்க அதிகாரம் தந்ததாகக் காட்டப்பட்ட ஓர் ஆவணத்தின்மேல் ஐயம் எழுந்தது. வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டது, பிறகு தேர்தலே ரத்தானது. செப்டம்பரில் மறுபடி நடத்தித்தான் ஒரு குழுவை அமர்த்த முடிந்தது.

மொரீசியசில் நடந்தது நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் ஒரு கல்லூரி மாணவி கைபேசியில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது, அவர் கைபேசியும் அந்தப் பக்கம் இருக்கும் கணினியும் பேசிக்கொள்வதற்கான எண்கள் இப்படியொரு வட்டார அமைப்பின் வழியாகத்தான் வருகின்றன. நம் பகுதிக்கு அது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கும் ஏப்நிக். முகவரியின் கடைசியில் வரும் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' போன்ற பெயர்களை ஏற்பது கலிஃபோர்னியாவில் பதிவான ஐக்கான். செய்தி எப்படித் துண்டாகி, எப்படிப் பயணம் செய்து, எப்படி மறுபடி ஒன்றுசேர வேண்டும் என்ற விதிகளை எழுதுவது ஐ.இ.டி.எஃப். எனப்படும் இணையப் பொறியியல் பணிக்குழு. இவற்றில் எதுவும் அரசாங்கத் துறை கிடையாது. சம்பளக்காரர்கள் சிலர் உண்டு. ஆனால் விவாதிப்பவர்கள், வரைவு எழுதுபவர்கள், குழுத் தலைவர்கள் என்று பெரும்பாலோர் இந்த அமைப்புகளிடம் சம்பளம் வாங்காதவர்கள்.

அவர்கள் எடுக்கும் முடிவு நம் எழுத்தைத் தொடும். 'ஔ' என்ற ஓரெழுத்தும், 'ஒ', 'ள' என்ற ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன; கணினிக்கு அவை வேறு வேறு. இரண்டையும் தனித்தனி முகவரிகளாகப் பதிய விட்டால் ஒரு வங்கியின் பெயரில் இன்னொருவர் கடை விரிக்கலாம். இதற்கு விதி செய்யும் குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தாரா, அவரை அங்கே அனுப்பியது யார் என்பது மொழியின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி.

இந்தக் கட்டுரையின் அக்கறை வாக்கு எண்ணுவதில் இல்லை. வாக்குக்கு முன்னால், பட்டியலில் பெயர் ஏறும் இடத்தில் இருக்கிறது. நம் சங்கக் கூட்டங்களில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கை தட்டுவார்கள், 'ஏகமனதாக' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படும். முன்மொழிந்தவர் யாரிடம் கேட்டு அந்தப் பெயரைச் சொன்னார் என்பது குறிப்பில் இருக்காது. தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் தேறுவதும் தோற்பதும் அந்த எழுதாத இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

திருக்கோகர்ணத்திலிருந்து இதைப் பார்ப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கோகர்ணேசுவரர் குடைவரையையும் சுற்றியுள்ள கோயில்களையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வட்டாரம் கல்லில் எழுதிய ஆவணங்களால் நிறைந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டுப் பாடங்களை 1929இல் தொகுத்து அச்சிட்டது. ஊரார், நாட்டார், நகரத்தார் என்று கூடி முடிவெடுத்தவர்கள் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள்: நிலம் விற்கிறார்கள், வரி நீக்குகிறார்கள், விளக்குக்குப் பொன் ஏற்கிறார்கள். அவர்களை அந்த இடத்தில் அமர்த்தியது எந்த முறை என்பதைப் பற்றி இவ்வகைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. பிற்காலத்தில் இதே மண்ணில் 1902இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பிரதிநிதி சபை ஒன்றை ஏற்படுத்தினார். 1924இல் சட்டசபை வந்தது. அதிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு அரசு நியமித்தவர்களும் அமர்ந்தார்கள். நியமனமும் தேர்தலும் ஒரே அறையில் உட்கார்வது இந்த ஊருக்குப் புதிதில்லை.

இணையத்தில் தேர்தலை நேர்மையாக முயன்று பார்த்தது ஐக்கான். 2000ஆம் ஆண்டு, உலகின் எந்த மூலையிலிருந்தும் 16 வயது நிரம்பிய, மின்னஞ்சலும் அஞ்சல் முகவரியும் உள்ள எவரும் உறுப்பினராகலாம், ஐந்து கண்டப் பகுதிகளுக்கும் ஒவ்வோர் இயக்குநரை அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தது. இரகசிய எண் தபாலில் வந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், அந்த எண்ணைக் கொண்டு உறுப்பினர் தகுதியை உறுதி செய்தவர்கள் சுமார் 76,000, வாக்களித்தவர்கள் 34,035. இந்த எண்ணிக்கையைப் பகுதிவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் புரியும். ஆசியா, பசிபிக் பகுதியில் 17,745 பேர். ஐரோப்பாவில் 11,309. வட அமெரிக்காவில் 3,449. லத்தீன் அமெரிக்காவில் 1,402. ஆப்பிரிக்கா முழுவதற்கும் 130.

ஒரு கண்டத்தின் பிரதிநிதியை 130 பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. கானா நாட்டின் நீ குவேனோர் ஆப்பிரிக்க இணையத்தின் முன்னோடி, மதிப்புக்குரியவர். ஆனால் வாக்காளர் பட்டியல் என்று ஒன்று இல்லாத இடத்தில் யார் ஆள் சேர்க்கிறாரோ அவரே தேர்தலின் உருவத்தைத் தீர்மானிக்கிறார். ஆசியாவில் பதிவு பெருகியதற்கு ஜப்பானில் நடந்த ஆள்சேர்ப்பு பெரிய காரணம், வென்றவரும் ஜப்பானியர்.

இந்தத் தேர்தலில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. வேட்பாளர்களின் முதல் பட்டியலை ஐக்கான் அமைத்த நியமனக் குழு தந்தது. அதில் இடம் பெறாதவர்கள் உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டிப் பட்டியலில் ஏறலாம் என்று இன்னொரு வாசலும் வைத்தார்கள். வென்ற ஐவரில் இருவர் அந்த இரண்டாம் வாசல் வழியே வந்தவர்கள்: வட அமெரிக்காவின் கார்ல் ஆவர்பாக், ஐரோப்பாவின் ஆண்டி முல்லர்-மாகுன். மேலிருந்து வந்த பட்டியலும் கீழிருந்தவர்களின் விருப்பமும் எவ்வளவு விலகியிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆவர்பாக், இயக்குநராக இருந்தும் அமைப்பின் கணக்கு ஆவணங்களைத் தன் விருப்பப்படி பார்க்க முடியவில்லை என்று வழக்குப் போட்டு 2002இல் வென்றார். அதே ஆண்டின் இறுதியில் ஐக்கானின் புதிய துணை விதிகள் நேரடித் தேர்தலையே நீக்கின. இயக்குநர்களில் எண்மரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நியமனக் குழுவுக்குப் போயிற்று. சாதாரணப் பயனாளர்களின் அமைப்புகள் வாக்குரிமையுள்ள ஓர் இயக்குநரைத் தாங்களே அனுப்ப 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேர்தலில் குறை இருந்தது உண்மை. அந்தக் குறையைச் சரி செய்யாமல் வாசலையே மூடியது தவறு.

வாசல் மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இணையச் சங்கம் ஓர் உதாரணம். 1992இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு உலகெங்கும் கிளைகள் உண்டு, சென்னையிலும் உண்டு. அறங்காவலர்களில் சிலரைக் கிளைகளும், சிலரை நிறுவன உறுப்பினர்களும், சிலரை ஐ.இ.டி.எஃப். தரப்பும் அனுப்புகின்றன. தனி உறுப்பினருக்கு நேரடி வாக்கு இல்லை. 2019 நவம்பரில், தொண்டு நிறுவனங்கள் நம்பிப் பயன்படுத்தும் '.ஆர்க்' முகவரிகளை நடத்தும் தன் துணை நிறுவனத்தை 113.5 கோடி டாலருக்கு ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் விற்கப்போவதாகச் சங்கம் அறிவித்தது. உறுப்பினர்கள் பலருக்கு அறிவிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 2020 ஏப்ரல் 30 அன்று ஐக்கான் ஒப்புதல் மறுத்தது. சொந்த உறுப்பினர்களால் நிறுத்த முடியாததை வெளியிலிருந்து இன்னோர் அமைப்பு நிறுத்த வேண்டியிருந்தது.

இவற்றுக்கு நடுவில் ஐ.இ.டி.எஃப். கண்டுபிடித்த வழி வியப்பூட்டுவது. அதற்கும் ஒரு கலகம்தான் காரணம். 1992 ஜூனில் ஜப்பானின் கோபே நகரில் கூடிய, அப்போது ஐ.இ.டி.எஃப்.புக்கு மேலே இருந்த இணையக் கட்டமைப்பு வாரியம், எண் முகவரிகள் தீர்ந்துபோவதைச் சமாளிக்க வேறொரு தரநிர்ணய அமைப்பின் நெறிமுறையை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தது. வேலை செய்யும் பொறியாளர்களைக் கேட்காமல் மேலே இருப்பவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று கொந்தளிப்பு எழுந்தது. அடுத்த மாதம் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் நடந்த கூட்டத்தில், மேலே இருப்பவர்களை இனி யார் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே பெரிய கேள்வியானது. அந்த விவாதத்திலிருந்து பிறந்தது நியமனக் குழு.

ஐ.இ.டி.எஃப்.பில் உறுப்பினர் என்ற ஏற்பாடே இல்லை. வருகிற எவரும் பங்கெடுக்கலாம். ஆகவே வாக்காளர் பட்டியல் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. பதிலாக, தகுதி உள்ளவர்கள் தொண்டாகப் பெயர் கொடுக்கிறார்கள். அவர்களிலிருந்து வாக்குரிமையுள்ள பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். அந்தப் பத்துப் பேர் தலைமைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் குலுக்கலில் தேற முடியாது. தற்போது தலைமைக் குழுக்களில் இருப்பவர்கள் பெயர் கொடுக்கவே முடியாது. பத்துப் பேர் எடுத்த முடிவை இன்னோர் அமைப்பு உறுதி செய்ய வேண்டும்.

குலுக்கலை நடத்துபவரை எப்படி நம்புவது? டொனால்ட் ஈஸ்ட்லேக் என்பவர் 2000இல் எழுதி 2004இல் திருத்திய நடைமுறை இதற்கு விடை. பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை வரிசை எண்ணோடு முதலில் வெளியிட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் சொல்ல நாள் தர வேண்டும். பிறகு, இன்ன தேதியில் வெளிவரப்போகும் இன்ன லாட்டரி முடிவுகள், இன்ன பொது எண்கள் ஆகியவற்றைக் குலுக்கலுக்கு எடுத்துக்கொள்வோம் என்று அந்த எண்கள் பிறப்பதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். எண்கள் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு முறையில் இட்டால் பத்துப் பெயர்கள் வந்து விழும். திருக்கோகர்ணத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவியும் அதே எண்களை இட்டு அதே பெயர்கள் வருகின்றனவா என்று பார்க்கலாம். நடத்துபவரை நம்ப வேண்டிய தேவையே எழாது.

இதைப் படிக்கும் தமிழருக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்த இரண்டு கல்வெட்டுகளைப் பெருமைக்காக எடுத்துக்காட்டுவோர் நிறைய; நடைமுறைக்காகப் படிப்போர் குறைவு. ஊர், குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, வாயோலை கட்டிக் குடத்தில் இட்டார்கள். சிறியவர் பெரியவர் உட்பட மகாசபை முழுதும் கூடியது. ஊரில் இருந்த நம்பிமார்கள், அதாவது கோயில் அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுத்தான். அந்த ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிப் படித்த பெயரை நம்பிமார்களும் எல்லோரும் படிக்க வேண்டும்.

விரித்த விரல்களைப் பற்றிக் கல்லில் வெட்டியவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது தெளிவு. விரலிடுக்கில் ஓலை மாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்கள் பிறக்கும் முன்பே அவற்றைக் குறித்துவிட வேண்டும் என்ற ஈஸ்ட்லேக்கின் விதிக்குப் பின்னும் அதே அச்சம் இருக்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒருவரையொருவர் முழுதும் நம்பாத, ஆனால் சேர்ந்து ஒரு காரியத்தை நடத்தியாக வேண்டிய கூட்டங்கள் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

உத்திரமேரூரில் குடும்புக்கு ஒருவராக வந்த முப்பது பேரும் அப்படியே பதவியில் அமரவில்லை. அவர்களில் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியில் பெரியவர்கள், வயதில் மூத்தவர்கள் பன்னிருவர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்குப் போனார்கள். எஞ்சியவர்களில் பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். 360 நாள் முடிந்ததும் இறங்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரின் ஓலை குடத்தில் இடப்படாது. அவர் மட்டுமில்லை, அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன், சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மக்கள் என்று நீளும் உறவுப் பட்டியலே வெளியே நிற்கும். தான் விலகி மைத்துனரை உட்கார வைக்கும் வழக்கம் பத்தாம் நூற்றாண்டிலும் இருந்திருக்கிறது. 919இல் செய்த ஏற்பாட்டை 921இல் திருத்தி, வயது வரம்பை முப்பது முதல் அறுபது என்பதிலிருந்து முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றியதும் கவனிக்க வேண்டியது. விதி செய்தவர்களே இரண்டு ஆண்டில் அதைத் தொட்டுத் திருத்தத் தயங்கவில்லை.

இதை உலகின் முதல் மக்களாட்சி என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் பிராமண சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். நிலத்தை உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் குடத்துக்குள் போகாத பெயர் வெளியே வராது. ஐ.இ.டி.எஃப்.பிலும் பல ஆண்டுகள் இதே நிலைதான்: கடைசி ஐந்து கூட்டங்களில் மூன்றுக்கு நேரில் போயிருக்க வேண்டும். விமானக் கட்டணமும் விசாவும் விடுதிச் செலவும் சேர்ந்தால் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொறியாளருக்கு அதுவே கால் வேலி நிலம். பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டங்கள் இணையவழிக்கு மாறிய பிறகு, 2023இல் வந்த திருத்தம் இணையம் வழியே கலந்துகொண்டதையும் தகுதியாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தேர்வு முறையின் வரலாற்றிலேயே இதுதான் பெரிய மாற்றம் என்பேன்.

பேச்சைத் தடுப்பவர்களைப் பற்றியும் நம் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. நெல்லை மாவட்டம் மானூரில் மாறன்சடையன் காலத்து, ஏறக்குறைய கி.பி. 800ஐச் சேர்ந்த சாசனம், சபையில் எதைச் சொன்னாலும் 'அன்று அன்று' என்று மறுத்து முட்டுக்கட்டை போடுபவருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. தொண்டு அமைப்பில் ஒரு முறையேனும் இருந்தவர்களுக்கு இந்த ஐந்து காசின் அருமை தெரியும்.

இனி நம் இன்றைய அமைப்புகள். தமிழ்க் கணிமைக்காக 2000இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம், அதாவது உத்தமம், கோலாலம்பூர், சென்னை, கொலோன், பிலடெல்பியா, டொராண்டோ என்று பல நகரங்களில் தமிழ் இணைய மாநாடுகளை நடத்தியது. அதன் பணிக்குழுக்களை நடத்துபவர்கள் சொந்த வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்குபவர்கள். 2003இல் தொடங்கி, மயூரநாதன் போன்றவர்களின் உழைப்பில் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியா வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே நிர்வாகப் பொறுப்புக்கு ஒருவர் பெயர் முன்வைக்கப்பட்டால் அவர் சம்மதம் சொல்ல வேண்டும், பிறகு பயனர்கள் ஆதரவோ எதிர்ப்போ பெயரிட்டு, எல்லோரும் காணப் பதிகிறார்கள். ஒருவரை எதிர்த்து நாலு பேர் முன்னால் பெயர் போட்டு எழுதுவது நம் பண்பாட்டில் கடினமான செயல். ஆகவே வெளிப்படைத்தன்மையே சில நேரம் மௌனத்தை வளர்க்கும். மூத்தவர் மனம் நோகும் என்று இளையவர் ஒதுங்கிக்கொள்வார். குலுக்கலில் இந்தச் சங்கடம் இல்லை. பெயர் வரவில்லை என்றால் அது யாரும் யாரையும் ஒதுக்கியதால் இல்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழுவில் குறைந்தது மூவர் வேண்டும், அவர்கள் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 நிரப்ப வேண்டும். ஆனால் மீண்டும் மீண்டும் தேர்வாவதற்குத் தடை இல்லை. பெயர்ப் பட்டியல் எப்படி உருவாக வேண்டும் என்பதைச் சட்டம் அந்தந்தச் சங்கத்தின் துணை விதிக்கு விட்டுவிடுகிறது. பெரும்பாலான துணை விதிகள் வழக்கறிஞர் அலுவலகத்தில் கிடைத்த பழைய நகல்கள். அங்கே எழுத இடம் இருக்கிறது.

என் பரிந்துரை இது. நேரடியாகத் தலைவரைக் குலுக்கி எடுக்க வேண்டாம். பொறுப்புக்கு ஏற்ற ஆளைத் தேடிப் பிடிக்கும் ஐவர் குழுவைக் குலுக்கி எடுக்கலாம். குடும்புக்கு ஒரு கட்டு என்று உத்திரமேரூரில் வைத்ததுபோலத் தமிழ்நாடு, ஈழம், மலேசியாவும் சிங்கப்பூரும், மேற்கு நாடுகள் என்று தனித்தனிக் குடங்கள் வைக்கலாம். ஐவரில் இரண்டு இடத்துக்குப் பெண்கள் பெயர்கள் மட்டும் உள்ள குடம் வைக்கலாம். தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டோம். அதனால் என்ன, மேட்டூர் அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் நாள்தோறும் வெளியாகின்றன, தங்கம் விலை வெளியாகிறது, பங்குச் சந்தைக் குறியீடு வெளியாகிறது. இன்ன தேதியின் இந்த எண்கள் என்று ஒரு மாதம் முன்பே அறிவித்துவிட்டால் போதும். ஐவர் குழுவில் இருப்பவர் அந்த ஆண்டு எந்தப் பொறுப்புக்கும் நிற்கக் கூடாது. பட்டியலில் இடம் கிடைக்காதவர் குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர் ஆதரவோடு நிற்க ஐக்கான் 2000இல் வைத்த இரண்டாம் வாசலும் இருக்க வேண்டும். அதன் பிறகு, ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களோடு, இரகசிய வாக்கு.

கணக்கு விதியையும் சேர்க்க வேண்டும். உறவினர்களையெல்லாம் விலக்கச் சொல்லவில்லை. முந்தைய பொறுப்புக் காலத்தின் வரவு செலவைத் தணிக்கையோடு உறுப்பினர் முன் வைக்காதவர் பெயர், வைக்கும் வரை, எந்தக் குடத்துக்கும் போகாது என்று ஒரு வரி. உள்ளூர் வாசகர் வட்டம் முதல் உலகத் தமிழ் அமைப்பு வரை எந்தத் துணை விதியிலும் அந்த வரியைச் சேர்க்கலாம். அதற்குத் தேவை அடுத்த பொதுக்குழுவில் ஒரு சிறப்புத் தீர்மானமும், அதை முன்மொழிய ஒருவரும், வழிமொழிய ஒருவரும்.